புஷ்பராணி சொல்லாத வாக்கியம்

அந்த வெளிநாட்டுக்காரர்கள் புஷ்பராணி அக்காவின் பேச்சைத் திரிக்கவில்லை. திரித்தவன் நான்.

உங்களில் பலர் அந்தக் கட்டுரையைப் படித்திருப்பீர்கள். படித்ததோடு நிற்காமல் வெட்டி எடுத்து வைத்தீர்கள். கைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பினீர்கள். ‘வந்தவர்கள் மாற்றிய வார்த்தை’ என்பது அதன் தலைப்பு. மலையகத்துத் தொழிலாளிப் பெண் ஒருத்தி சொன்னதை ஒரு மேற்கு நாட்டுத் தூதுக்குழு தன் அறிக்கையில் தலைகீழாக்கிவிட்டது என்று அதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு கட்டுரைதான் என்னை ஹட்டன் நகரத்து ஆங்கில வாத்தியார் என்ற நிலையிலிருந்து தூக்கி, கொழும்புத் தொலைக்காட்சி மேசைகளில் உட்கார வைத்தது.

அது பொய். அடிமுதல் நுனிவரை பொய்!

இதைச் சொல்வதற்காக என் கொள்கையையும் சேர்த்துக் குப்பையில் போடுவேன் என்று யாராவது எதிர்பார்த்தால்... மன்னிக்க வேண்டும், அது நடக்காது. பிற நாட்டு அரசாங்கங்கள் நம் விஷயத்தில் தலையிடக் கூடாது. நாமும் எந்த வல்லரசின் சண்டையிலும் தோள் கொடுக்கக் கூடாது. வாரந்தோறும் இதைத்தான் எழுதினேன். வருகிற வாரமும் இதைத்தான் எழுதுவேன். இடம் கொடுக்கப் பத்திரிகை இல்லாவிட்டால் என் வீட்டு அறையில் உட்கார்ந்து கைபேசிக் கமராவைப் பார்த்துச் சொல்வேன்.

இந்தக் கொள்கையைப் புத்தகத்தில் படித்து நான் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டு தலைநகரங்கள் ஒப்பந்தம் போட்டு எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது, என் பெரியப்பா குடும்பம் அந்தப் பங்கில் கடல் தாண்டிப் போனது. எனக்கு அப்போது ஏழு வயது. வட்டகொடை ரயில் நிலையத்தில் பெரியம்மா தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, வாய்விட்டு அழாமல் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. “போக விருப்பமா?” என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை! அடுத்தவன் மேசையில் நம் கதி எழுதப்படும்போது என்ன நடக்கும் என்பது அன்றிலிருந்து எனக்குத் தெரியும்.

ஆகவே நான் நம்புவதை நான் நம்புகிறேன். நான் ஒப்புக்கொள்ள வந்தது வேறு.

எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் முடிந்து, அடுத்த வருடம். தேயிலை வாங்கும் நாடொன்றிலிருந்து மூன்று பேர் தோட்டங்களைப் பார்க்க வந்தார்கள். அவர்களோடு வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். அழைத்து வந்த தொண்டு நிறுவனத்தார் என்னைக் கேட்டார்கள். வெளியார் தலையீட்டை வாராவாரம் திட்டுகிறவன் ஏன் போனேன்? நான் பிறந்த தோட்டம் அது. என் ஊரை எனக்குப் பதிலாக வேறொருவன் விளக்கிச் சொல்வதை என்னால் சகிக்க முடியவில்லை. கர்வம்தான்... ஒளிப்பானேன்!

தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். வட்டகொடைக்கு மேலே இருக்கிறது என்பது போதும்.

மேல் டிவிசனில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக இருக்கும் பத்து வீட்டு லயம் ஒன்று. அதன் பின்னால் எழும்பும் மலைச்சரிவில் வெடிப்பு விழுந்து இரண்டு வருடமாகியிருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, சுவரில் சிவப்புக் கோடு போட்டு, “இது ஆபத்தான இடம், எழும்புங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே எழும்பிப் போவது என்பதை எவரும் சொல்லவில்லை.

குழந்தைகளைப் பகலில் விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் கூட்டம். பெரியவர்கள் உட்காரத்தக்க நாற்காலி அங்கே இல்லை. வந்த மூவரும் குழந்தைகளின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். தலைவர் நரைத்த கூந்தலுள்ள ஓர் அம்மையார். மடியில் குறிப்பேடு.

லயத்துக்காரர்கள் சார்பில் பேச எழுந்தவர் புஷ்பராணி அக்கா. தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். ஐந்தாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போய்விட்டார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் முன்னால்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசி அறியாதவர்.

“தம்பி, இவங்ககிட்ட நான் சொல்றத சொல்லுங்க” என்று ஆரம்பித்தார். “நாங்க பறிக்கிற கொழுந்த இவங்க நாட்டுலதானே குடிக்கிறாங்க? எழும்பு எழும்புன்னு எங்கள சொல்றாங்க. போறதுக்கு எடம் காட்ட மாட்டேங்கிறாங்க. எங்க ஆளுங்ககிட்ட கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. அதனால இவங்க கவர்மெண்டு எங்க கவர்மெண்டுகிட்ட ஒரு வார்த்த சொல்லட்டும். அந்த ஜனங்களுக்கு ஏழு பேர்ச் நெலத்த அவங்கவங்க பேர்ல எழுதிக் குடுங்க, குடுக்குற வரைக்கும் ஒங்க தேயில எங்களுக்கு வேணாம்னு சொல்லட்டும். அப்ப குடுப்பாங்க.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: “நீங்கள் வந்ததற்கு நன்றி சொல்கிறார். பாதுகாப்பான இடத்தில் வீடும் நிலமும் வேண்டும் என்கிறார். ஆனால் அதை எங்கள் அரசாங்கத்தோடு நாங்களே பேசித் தீர்த்துக்கொள்வோம், வெளியிலிருந்து யாரும் அழுத்தம் கொடுக்க வேண்டாம் என்கிறார்.”

அந்த அம்மையார் எழுதுவதை நிறுத்தினார். புஷ்பராணி அக்காவின் குரலில் இருந்த சூடு, நான் சொன்ன வார்த்தையில் இல்லை என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். “இது இங்கே இருக்கும் எல்லோருடைய கருத்தும்தானா? கேட்டுச் சொல்லுங்கள்” என்றார்.

அங்கேயாவது நான் நின்றிருக்கலாம்... நிற்கவில்லை.

“அக்கா சொன்னது எல்லாருக்கும் சம்மதமான்னு கேக்குறாங்க” என்று தமிழில் கேட்டேன்.

“சம்மதம்! சம்மதம்!” பிள்ளைக்காம்பரா அதிர்ந்தது. கைகளெல்லாம் உயர்ந்தன. கொழுந்துக் கறை படிந்த கைகள்... ஒன்றுகூடத் தாழவில்லை. அந்த அம்மையார் தலையசைத்து, என் வாக்கியத்தை எழுதிக்கொண்டார்.

ஏன் செய்தேன்?

பயந்து செய்யவில்லை. கைக்கூலி வாங்கிச் செய்யவில்லை. சரி என்று நம்பியே செய்தேன்! வாங்குகிற நாடு தேயிலையை வேண்டாம் என்றால் துரையின் பங்களாவில் சோறு குறையாது. காலையில் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெண்ணுக்குத்தான் ஆறு நாள் வேலை மூன்று நாளாகும். இன்றைக்கு நிலத்துக்காகப் பேசுகிற நாடு நாளைக்குத் துறைமுகத்துக்காகப் பேசும். அந்த வாரம்தான் இதே வாதத்தைப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். என் எதிரில் ஒருத்தி நின்று, என் சொந்த மண்ணில், என் வாதத்துக்கு நேர் எதிராகப் பேசினால்...!

அதைத் தமிழிலேயே அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ‘அக்கா, இது ஆபத்தான யோசனை, கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும்? சொல்லவில்லை. சொன்னால் அவர் வாதாடுவார். அத்தனை பேர் முன்னால் வாதாடி ஜெயித்தும்விடுவார். அதுதான் உண்மை.

அதன் பிறகு ஹட்டன் சந்தையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “அவங்க என்னமாச்சும் பதில் போட்டாங்களா தம்பி?” என்று கேட்பார். “இன்னும் இல்லக்கா. பெரிய எடத்து வேலை, நாளாகும்” என்பேன். எவ்வளவு இயல்பாக வந்தது அந்தப் பதில்!

ஏழெட்டு மாதம் கழித்து அறிக்கை வெளியானது. அதில் அந்த லயத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. ‘இத்தொழிலாளர்கள் தம் அரசாங்கத்தோடு தாமே பேசித் தீர்வு காண விரும்புகிறார்கள், வெளி அழுத்தத்தை ஒருமனதாக நிராகரித்தார்கள்.’ திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். அங்கே இன்னொருவர் மொழிபெயர்த்தார். அந்த ஜனங்கள் கேட்டது கேட்டபடி இருந்தது. அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் போயின, கேள்விகள் வந்தன, கடைசியில் அந்தத் திம்புள்ளப் பக்கத்து ஜனங்களுக்கு நிலம் அளந்தார்கள். ஆம், அளந்தார்கள். என் வாதத்துக்கு எதிரான சாட்சியை நானே தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

புஷ்பராணி அக்காவும் இன்னும் நான்கு பெண்களும் தோட்ட அலுவலகமான கந்தோருக்குப் போய் நிலத்தைக் கேட்டபோது, துரை அறிக்கையில் அவர்களுடைய லயத்தைப் பற்றிய பக்கத்தை எடுத்துப் போட்டாராம். “நீங்களேதான் வெளியாளுங்க யாரும் எங்களுக்காகப் பேச வேணான்னு சொல்லியிருக்கீங்க. அப்ப பொறுமையா இருங்க. மேலிடத்துல பேசிக்கிட்டிருக்கோம்.”

அந்தப் பக்கத்தின் பிரதியோடு அக்கா பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்.

“இதுல என்ன தம்பி எழுதியிருக்கு? நான் சொன்னதுதானா?”

வாசித்தேன். என் வாக்கியத்தை நானே தமிழில் வாசித்தேன்!

“நான் எப்ப தம்பி அப்பிடிச் சொன்னேன்? நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?”

அவர் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. நான் சாட்சி என்றே நினைத்து வந்திருந்தார். அந்த நம்பிக்கையே என்னை அசைத்திருக்க வேண்டும். எனக்கோ அது தப்பித்துக்கொள்ளும் கதவாகத் திறந்தது.

“அவங்க மாத்தி எழுதிட்டாங்கக்கா” என்றேன். “அவங்க அப்பிடித்தான். நம்ம சொல்றது ஒண்ணு, அவங்க எழுதுறது ஒண்ணு.”

“அடப்பாவிகளா!” என்று மார்பில் கைவைத்தார். “நல்லவங்க மாதிரி புள்ளைங்க நாக்காலியில ஒக்காந்து கேட்டுட்டுப் போனாங்களே!”

அவர் போனதும் எழுத உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் எழுதினேன்... வாழ்க்கையில் அவ்வளவு சரளமாக ஒருபோதும் நான் எழுதியதில்லை. வெளியாரை நம்பியவளின் வாயிலிருந்தே அவள் வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று எழுதினேன். கோபம் உண்மையாகவே வந்தது. எழுத எழுத நானே நம்பினேன்!

நீங்களும் நம்பினீர்கள். ஏன் நம்பினீர்கள் என்று எப்போதாவது யோசித்தீர்களா? எந்த மொழிபெயர்ப்பாளர் நடுவில் நின்றார் என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் அன்றைக்கே நான் அகப்பட்டிருப்பேன். நீங்கள் கேட்க விரும்பியதை நான் சொன்னேன். அதனால் நீங்கள் கேள்வி கேட்கவில்லை. உங்கள் பங்கை நான் சுமக்கமாட்டேன். என் பங்கு எனக்குப் போதும்.

தொலைக்காட்சி அழைத்தது. பல்கலைக்கழக மேடை அழைத்தது. ‘மலையகத்தின் மனச்சாட்சி’ என்று ஒருவர் எழுதினார். ஹட்டனில் பாராட்டு விழா எடுத்தார்கள். புஷ்பராணி அக்காவை மேடையேற்றி, அவர் கையாலேயே எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிவாங்கியைப் பிடித்து, அந்த வெள்ளைக்காரம்மாவை அவர் திட்டித் தீர்த்தார். மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன்.

அந்த வாரமே அந்த அம்மையாரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. என் கட்டுரையை யாரோ அவருக்கு மொழிபெயர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கோபமில்லை, குற்றச்சாட்டில்லை. ‘என் குறிப்பேட்டை மறுபடி பார்த்தேன். நீங்கள் சொன்னதாக எனக்கு நினைவிருப்பதைத்தான் எழுதியிருக்கிறேன். எங்கேயாவது நான் தவறாகக் கேட்டிருந்தால் சொல்லுங்கள். அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.’

பதில் போடவில்லை. பலமுறை திறந்து பார்த்தேன். என்னால் அழிக்கவும் முடியவில்லை.

பிறகு அந்த மழை. நாடு முழுவதும் மலைகள் சரிந்த அந்த வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். கிராம சேவகர் முந்திய நாள் மாலையே மேல் டிவிசன் ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டார். மறுநாள் காலை சரிவு இறங்கியது. பத்து வீட்டில் ஏழு வீடு மண்ணுக்குள் போனது. யாரும் சாகவில்லை. அது என் புண்ணியமல்ல. ஒருவர் செத்திருந்தாலும் இதை எழுத எனக்குத் துணிவு வந்திருக்குமா? தெரியவில்லை. அந்தக் கேள்வியை நான் கிட்டே அண்டவிடுவதில்லை.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், தொலைக்காட்சியில் நான் பேசும் நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்ய. வகுப்பறை வாசலில் அக்காவை உட்கார வைத்துக் கைபேசியைப் பிடித்தேன். அவர் நேரே கமராவைப் பார்த்துச் சொன்னார்:

“அந்த வெள்ளக்காரங்க நான் சொன்னத அப்பிடியே எழுதியிருந்தா, இன்னைக்கி எங்களுக்கு ஒரு வீடு இருந்திருக்கும்.”

பதிவை நிறுத்தினேன்.

“அக்கா, அவங்க மாத்தல. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

அவருக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். அன்று அவர் பேசியதை ஆங்கிலத்தில் நான் என்னவாக்கினேன் என்று வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். அவர் மடியிலிருந்த துவாயை விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார்.

“அப்ப அந்தம்மா நோட்டுல எழுதுனது நீங்க சொன்னதுதானா?”

“ஆமாக்கா.”

“நான் மேடையில ஏறி அந்தப் பொம்பளைய அவ்வளவு திட்டுனேனே... நீங்க பக்கத்துல ஒக்காந்து கை தட்டுனீங்களே?”

என்னிடம் இருந்ததெல்லாம் வாதம்தான். அதைச் சொன்னேன். ஆம், அந்த இடத்திலும் சொன்னேன்! “அவங்க தேயில வாங்கலைன்னா மொதல்ல வேலைப் பதிவுலருந்து ஒங்க பேர்தானேக்கா போகும்? ஒங்க நல்லதுக்குத்தான்...”

“இருக்கலாம்” என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நீங்க படிச்சவரு. நான் கேட்டது தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். அத எங்கிட்டல்ல சொல்லியிருக்கணும்? தப்போ சரியோ, அது என் பேச்சு. நீங்க யாரு அத எடுக்குறதுக்கு?”

எழுந்து பகல் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்.

நீங்க யாரு... வெளிநாட்டுக்காரனைப் பார்த்து வாழ்நாளெல்லாம் நான் கேட்ட கேள்வி. பெரியப்பாவிடம் கேட்காமல் பங்கு பிரித்தவர்களின் மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி இருந்திருக்கிறது. அதில் நான் உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம், இடம்பெயர்ந்தவர்களின் கோரிக்கைகளை எழுதிக்கொள்ள அதே பள்ளிக்கூடத்துக்கு அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். அவருக்குச் சிங்களம் மட்டும்தான். இரண்டு மொழியும் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். சிங்களம் கற்பிக்கும் டீச்சர் மண்டபத்தின் மறுகோடியில் அரிசிப் பொதி கொடுத்துக்கொண்டிருந்தார். பழக்கம்... என் கால் தானாக ஓரடி முன்னே போனது.

“மேயா எப்பா” என்றார் புஷ்பராணி அக்கா. இவர் வேண்டாம்.

சந்தையில் மரக்கறி வாங்கப் பழகிய சிங்களத்தில் அவரே பேசினார். பாதிச் சொல் தமிழ். கையால் மலையைக் காட்டினார், சரிவைக் காட்டினார், தன் பெயர் எழுதுவதுபோல் காற்றில் எழுதிக் காட்டினார். உத்தியோகத்தர் கெட்டவரல்ல, பொறுமையாகக் கேட்டு, ஒரு படிவத்தில் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். ‘தற்காலிகக் கொட்டில் கோருகிறார்’ என்று எழுதியிருந்தது. நிலம் என்ற சொல்லே அதில் இல்லை.

அக்கா பேனாவை வாங்கிவிட்டார்.

“அக்கா, போடாதீங்க” என்றேன். “நெலம்னு எழுதல. கொட்டில்னு எழுதியிருக்கு.”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவைப் படிவத்தின் மேல் வைத்துவிட்டு, மண்டபத்தின் மறுகோடிக்குக் கேட்கும்படி கூப்பிட்டார்:

“டீச்சர், கொஞ்சம் வாங்க. இந்த சார் என்னமோ சொல்றாரு. நெசமான்னு பாத்துச் சொல்லுங்க.”

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படிவத்தை வாசித்தார். “ஆமாக்கா, கொட்டில்னுதான் இருக்கு.”

“வெட்டிட்டு நெலம்னு எழுதச் சொல்லுங்க. எங்க பேர்லன்னும் எழுதச் சொல்லுங்க.”

எழுதினார்கள். டீச்சர் அதை இரண்டு முறை வாசித்துக் காட்டிய பிறகே அக்கா கையெழுத்துப் போட்டார். பிறகு அடுத்தவருக்கு இடம்விட்டு, என்னைக் கடந்து, அரிசி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

அந்த அம்மையாருக்கு உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்றும் கட்டாயமில்லை.

இனி நீங்கள் என்னைப் படிக்காமல் விடலாம். தொலைக்காட்சி கூப்பிடாமல் விடலாம். விடட்டும்! வெளியார் தலையிடக் கூடாது என்பது நேற்றும் சரி, இன்றும் சரி. அதைச் சொன்ன வாய் பொய் பேசியது என்பதற்காக அது பொய்யாகிவிடாது. நாளைக்கும் சொல்வேன், உரக்கச் சொல்வேன். நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்... கேட்டுவிட்டு, நெசமா என்று பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிக் கேட்பீர்கள்.

கேளுங்கள்.